மான் நனையுதேன்னு அழுற ஓநாய் எது?

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நம்மூர்ப் பழமொழி. இதைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நனைவது காரிபூ மான். அழுவது மரம் வெட்டும் கம்பெனிகளும், எண்ணெய்க் கம்பெனிகளும், அவர்களுக்குக் காட்டைக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கிற மாகாண அரசுகளும். நிஜ ஓநாய்க்கு அழக்கூட நேரமில்லை. அதை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரொம்ப நாளாகவே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஓநாய்க்கு வக்காலத்து வாங்குகிற பதிவு மாதிரி ஆரம்பிக்கும். முழுசாப் படிச்சீங்கன்னா ஓநாய்ப் பிரியர்களுக்கும் இதில் ரெண்டு குட்டு இருப்பது தெரியும். :-)

முதலில் காரிபூ யாரென்று பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கிறதே ரெயின்டீர், அதே இனம்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ரெயின்டீர், வட அமெரிக்காவில் காரிபூ. மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் பொதுவாகக் கொம்பு முளைப்பது இந்த ஒரு இனத்தில்தான். காரிபூ என்ற பெயரே மிக்மாக் என்ற பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. பனியைத் தோண்டுபவன் என்று பொருள். பனிக்கடியில் இருக்கும் தீனியைக் குளம்பால் தோண்டித் தின்பதால் அந்தப் பெயர். டொரொன்டோ, மொன்ட்ரியால் பக்கம் இருக்கிற நம் மக்கள் சட்டைப் பையில் கையை விட்டுப் பாருங்கள். 25 சென்ட் காசு இருந்தால் அதில் கொம்போடு ஒரு தலை தெரியும். 1937-லிருந்து அந்தத் தலை அங்கே இருக்கிறது. காசில் குத்தி வைத்தால் காப்பாற்றின மாதிரி என்று நினைத்துவிட்டார்கள் போல.

டிவியில் நீங்கள் பார்த்திருக்கும் காரிபூ வேற. மரமே இல்லாத துந்திரப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக ஆறு தாண்டுமே, அது. நான் சொல்வது காட்டுக் காரிபூ. யூகான் பக்கமிருந்து லாப்ரடார் வரை கனடாவின் குறுக்கே நீளுகிற ஊசியிலைக் காட்டில், பழைய ஸ்ப்ரூஸ் மரங்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் நடுவே, சின்னச் சின்னக் குழுக்களாக, கண்ணிலேயே படாமல் வாழ்கிற ஜீவன். 2012-ல் மத்திய அரசு வெளியிட்ட மீட்புத் திட்டத்தில் 51 வாழிடங்கள், மொத்தம் சுமார் 34,000 மான்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது சொற்பம். அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தபோதே இது அழிவு அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. மேற்கே மலைப்பகுதியில் வாழும் காரிபூவுக்கும் ஏறக்குறைய இதே தலையெழுத்துதான். அவற்றின் கதையும் கீழே வரும்.

*

இந்த மான் எப்படிப் பிழைக்கிறது என்று புரிந்தால்தான் மற்ற எல்லாம் புரியும். ஒரே வரியில் சொன்னால், ஒளிந்து பிழைக்கிற விலங்கு.

யாரும் சீந்தாத தீனியைத் தின்னும். குளிர்காலத்தில் அதற்கு முக்கிய உணவு லைக்கன். நம்மூர் செட்டிநாட்டு மசாலாவில் கல்பாசி போடுவோமே, அதுவும் ஒரு லைக்கன்தான். அதன் ஒன்றுவிட்ட தம்பிகள் வடக்கே தரையிலும் மரக்கிளையிலும் வளர்கின்றன. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். மான் மேய்கிற அளவுக்குத் தரையில் மெத்தை மாதிரி படிய வேண்டுமென்றால் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் இதற்குப் பழைய காடு வேண்டும்.

லைக்கன் மட்டும் இருக்கிற பழைய காட்டில் மூஸ் மானுக்கும் வெண்வால் மானுக்கும் தீனி குறைவு. அதனால் அவை அங்கே அதிகம் வராது. அவை இல்லாத இடத்தில் ஓநாய்க்குக் கட்டுப்படியாகாது. ஆக, காரிபூ ஏழைக் குடித்தனம் நடத்துவதே திருடன் வராமல் இருக்கத்தான். குட்டி போடும் சமயத்தில் பெண் மான் தன்னந்தனியாக சதுப்புக்குள்ளோ ஏரித் தீவுக்கோ போய்விடும். வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி. மூஸுக்கு இரட்டை பிறப்பது சகஜம். காரிபூவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இங்கேதான் ரம்பம் உள்ளே வருகிறது. பழைய காட்டை மொட்டையடித்ததும் வெயில் தரைக்கு வரும். இளஞ்செடி, வில்லோ, ஆஸ்பென் எல்லாம் தளதளவென்று முளைக்கும். மூஸுக்கும் மானுக்கும் விருந்து. அவை பெருகும். அவை பெருகினால் ஓநாய் பெருகும். ஓநாய் மூஸை நம்பித்தான் வாழ்கிறது. ஆனால் போகிற வழியில் காரிபூ எதிர்ப்பட்டால் விடுமா? வஞ்சிர மீனுக்குப் போட்ட வலையில் ஆமை மாட்டுகிற கதைதான்.

இன்னும் எளிமையாகச் சொல்கிறேன். ஒரு அமைதியான தெரு. அங்கே ஒரு வீட்டில் நாலு கோழி. திடீரென்று தெருவில் பத்து பிரியாணிக் கடை திறக்கிறார்கள். எச்சில் எலும்புக்காக நாய்க் கூட்டம் சேருகிறது. அப்புறம் ஒரு நாள் கோழியைக் காணோம். யார் குற்றம்? நாய் குற்றம் என்று பிரியாணிக் கடைக்காரர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, நாய் பிடிக்கிற வண்டியைக் கூப்பிட்டு, அதே வாரத்தில் பதினோராவது கடைக்கும் லைசென்ஸ் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் அங்கே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காகக் காட்டைக் கோடு கோடாக வெட்டுவார்கள். நிலநடுக்க அலையை அனுப்பிப் பார்ப்பதற்கான பாதைகள். ஆல்பர்ட்டா காட்டை வானத்திலிருந்து பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். ஈரநிலத்தில் வெட்டிய கோடுகள் பல பத்தாண்டு ஆகியும் மூடவில்லை. ஓநாய்க்கு இது தங்க நாற்கரச் சாலை. ஜி.பி.எஸ். பட்டை கட்டிய ஓநாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், காட்டுக்குள் போவதைவிட இந்தக் கோடுகளில் ரெண்டு மூணு மடங்கு வேகமாகப் போவது தெரிந்தது. ஒளிந்து பிழைக்கிற மானின் வாசலுக்கே ரோடு போட்டுக் கொடுத்துவிட்டு, "அய்யய்யோ ஓநாய் தின்னுடுச்சே" என்றால் என்ன அர்த்தம்?

*

"அதெல்லாம் இருக்கட்டும், இதில் இன்னும் நிறைய ஆராய்ச்சி தேவைப்படுது இல்லையா?"

எனக்குக் காதில் புகை வருவது இந்தக் கேள்வியில்தான். ஆராய்ச்சி கேட்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட விஷயத்தில், "இன்னும் ஆராய்ச்சி" என்பது வாய்தா வாங்குகிற வக்கீலின் வார்த்தை.

ஆர்தர் பெர்கரூட் என்ற காட்டுயிர் ஆய்வாளர் 1974-லேயே எழுதினார். குடியேற்றத்துக்குப் பின் வட அமெரிக்காவில் காரிபூ குறைந்ததற்கு லைக்கன் பற்றாக்குறைதான் காரணம் என்ற அந்தக்கால நம்பிக்கையைக் கேள்வி கேட்டு, வேட்டையையும் கொன்றுண்ணிகளையும் கை காட்டினார். அதற்கப்புறம் வந்தவர்கள் அந்தக் கொன்றுண்ணிகள் ஏன் பெருகின என்று தேடிப்போனார்கள். ஹெலிகாப்டரில் பறந்து, வலைத் துப்பாக்கியால் பெண் மானைப் பிடித்து, கழுத்துப் பட்டை மாட்டி, அது எங்கே போகிறது, எப்போது சாகிறது, எது கொன்றது என்று வருடக் கணக்கில் பார்த்தார்கள். குளிர்கால முடிவில் வானத்திலிருந்து எண்ணி, 100 பெண் மானுக்கு எத்தனை குட்டி பிழைத்திருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். பெரிய மான்கள் ஓரளவு நன்றாகப் பிழைத்திருக்கும் இடத்தில்கூட, அந்த எண்ணிக்கை சுமார் 29-க்குக் கீழே போனால் மந்தை தேய்கிறது என்று அர்த்தம். பிடிக்காமலே படிக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். பனியில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கி டி.என்.ஏ. எடுத்தால் எத்தனை மான், என்ன உறவு, சினையா இல்லையா என்பது வரை தெரிந்துவிடும். மானின் சாணத்தைக் கூட விட்டுவைக்காமல் படித்தாகிவிட்டது மக்களே! இன்னும் என்ன பாக்கி?

இதையெல்லாம் சேர்த்து 2011-ல் மத்திய அரசின் அறிவியல் குழு ஒரு கணக்குப் போட்டது. ஒரு வாழிடத்தில் எவ்வளவு பங்கு கெட்டுப்போயிருக்கிறதோ, அவ்வளவுக்குக் குட்டிகள் பிழைப்பது குறைகிறது. கெட்டுப்போனது என்றால், கடந்த 40 வருடத்தில் தீயில் எரிந்த இடமும், மனிதன் வெட்டிய இடமும், அதைச் சுற்றி 500 மீட்டரும். இந்தக் கணக்கை வைத்துத்தான் 2012 திட்டம் ஒவ்வொரு வாழிடத்திலும் குறைந்தது 65 சதவீதம் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்றது.

இந்த 65-ல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலரும் 65 சதவீதம் விட்டுவிட்டால் மான் பிழைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. 65 விட்டால், மந்தை தன் காலில் நிற்பதற்கான வாய்ப்பு 60 சதவீதம். பத்தில் நாலு தடவை அப்பவும் கோவிந்தாதான். பூவா தலையாவைவிடக் கொஞ்சம் மேல். அந்தக் குறைந்தபட்சத்தையே பேராசை என்கிறார்கள் வெட்டுகிறவர்கள்.

ஒவ்வொரு மாகாணமும் அதன் வாழிடங்களுக்கான திட்டத்தை ஐந்து வருடத்துக்குள், அதாவது 2017 அக்டோபருக்குள் போடவேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு வந்தது, போனது. அதற்குள் ஒழுங்காக முடித்துக் கொடுத்த மாகாணம் ஒன்றுகூட இல்லை. நம்ம பையன் ஹோம்வொர்க் செய்யாமல் போனால் பெஞ்சு மேல ஏத்துவாங்க. மாகாண அரசு செய்யாமல் போனால் இன்னொரு ஆய்வுக்குழு அமைப்பார்கள்.

*

இப்போது ஓநாய் விஷயத்துக்கு வருவோம்.

ஆல்பர்ட்டாவில் லிட்டில் ஸ்மோக்கி என்று ஒரு மந்தை. 2012 திட்டத்தின் கணக்குப்படி அதன் வாழிடத்தில் 95 சதவீதம் சேதமாகிவிட்டது. ஆமாங்க, தொண்ணூத்தஞ்சு. 65 மிஞ்ச வேண்டிய இடத்தில் 5 மிஞ்சியிருக்கிறது. இந்த மந்தையைக் காப்பாற்ற 2005-06 குளிர்காலத்திலிருந்து மாகாண அரசு ஓநாய்களைக் கொல்ல ஆரம்பித்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். செத்த விலங்கின் இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் விஷம் வைத்தார்கள். விஷத்துக்கு ஓநாய் எது, மற்றது எது என்று தெரியாது. மற்ற ஜீவராசிகளும் செத்தன. ஏழு குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான ஓநாய்கள் போயின.

பலன்? 2014-ல் வெளியான ஆய்வு சொன்னது: மந்தையின் வளர்ச்சி விகிதம் சராசரியாக 4.6 சதவீதம் கூடியது. அதாவது தேய்ந்துகொண்டிருந்தது நின்றது. ஆனால் பெருகவில்லை. இருந்த இடத்தில் நின்றது, அவ்வளவுதான். பக்கத்தில் ஓநாயைச் சுடாத இன்னொரு மந்தை தேய்ந்தது. ஆக, சுட்டால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. பலன் இருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் பானை நிறைந்த மாதிரிதான் தெரியும். ஊற்றுவதை நிறுத்தின அன்றைக்குத் தெரியும் லட்சணம்.

அந்த ஆய்வாளர்களே ஓநாய்க் கட்டுப்பாட்டை வாழிடப் பாதுகாப்போடும் மீட்போடும் சேர்த்துச் செய்யணும் என்றுதான் பரிந்துரைத்தார்கள். அரசுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

இப்போது ஓநாய்ப் பிரியர்களுக்கான முதல் குட்டு. "ஓநாயைத் தொடாதே, இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்கிற நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ஒன்டாரியோவில் சுப்பீரியர் ஏரிக்குள் மிச்சிபிகோட்டன் என்று ஒரு தீவு. சில நூறு காரிபூக்கள் ஓநாயில்லாமல் நிம்மதியாக இருந்தன. 2014 குளிரில் ஏரி உறைந்தது. பனிமேல் நடந்து கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஓநாய்கள் வந்து சேர்ந்தன. நாலே வருடம். மந்தை கிட்டத்தட்ட காலி. 2018 ஜனவரியில் மிச்சமிருந்ததில் ஒரு கைப்பிடியைப் பிடித்து ஹெலிகாப்டரில் ஸ்லேட் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஓநாய் சாமியார் இல்லை. தப்ப இடமில்லாத சின்ன மந்தையை அது முடித்துவிடும். 95 சதவீதம் சேதமான காட்டில் இருக்கும் மந்தையும் கிட்டத்தட்ட அப்படி ஒரு தீவில்தான் இருக்கிறது.

இரண்டாவது குட்டு. ஓநாய் கொலையைப் பற்றி மட்டும் ஊர்கூடிக் கத்தினால் சந்தோஷப்படுவது யார்? ரம்பக்காரன். எல்லார் கண்ணும் ஹெலிகாப்டர் மேல் இருக்கும்போது லாரி பாட்டுக்கு மரத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. ஓநாய் ஆதரவு, ஓநாய் எதிர்ப்பு என்று நாம் ரெண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும்வரை குத்தகைக் காகிதத்தை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

என் கட்சி இதுதான். ஐ.சி.யூ.வில் இருக்கிறவருக்கு வென்டிலேட்டர் தேவையென்றால் வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் வென்டிலேட்டர், மறுபக்கம் வியாதியைக் கொடுத்த விஷத்தையே தினமும் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது என்றால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. ரம்பத்தை நிறுத்தாமல் சுடுகிற ஒவ்வொரு ஓநாயும் வீண்கொலை. காரிபூவுக்கும் உதவாது, ஓநாய்க்கும் நியாயம் இல்லை.

*

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பான்ஃப் தேசியப் பூங்கா. உலகமே போட்டோ எடுக்கப் போகிற இடம். அங்கே காரிபூ தேய்ந்து தேய்ந்து ஐந்தாகி, 2009-ல் ஒரு பனிச்சரிவில் அந்த ஐந்தும் போயின. பனிச்சரிவு கொன்றது என்று எழுதலாம். ஆனால் ஐந்து என்ற நிலைக்கு வந்த மந்தையை எது வேண்டுமானாலும் கொல்லும்.

தெற்கு செல்கிர்க் மந்தை. கனடா-அமெரிக்க எல்லையில் இரண்டு நாட்டிலும் நடமாடியது. 2015-ல் இதைக் காப்பாற்றவென்று பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஓநாய்களைச் சுட ஆரம்பித்தது. 2018-ல் வானத்திலிருந்து எண்ணினால் மிச்சம் மூன்று. மூன்றும் பெண். 2019 ஜனவரியில் கடைசி ஒற்றை மானைப் பிடித்து வடக்கே கொண்டுபோனார்கள். அத்தோடு அமெரிக்காவின் கீழ் 48 மாநிலங்களிலும் காரிபூ கதை முடிந்தது.

க்யூபெக்கில் வால்-டோர் மந்தை. மொத்தமே ஏழு. 2020-லிருந்து வேலிக்குள் வைத்துத் தீனி போட்டார்கள். காட்டை வெட்டிக்கொடுத்துவிட்டு மானை அடைத்து வைப்பது! சொந்த ஊரிலேயே அகதி முகாம். ஈழத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

சரி, எல்லாமே ஒப்பாரிதானா? இல்லை. ஒரு இடத்தில் நடந்திருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில் வெஸ்ட் மோபர்லி, சோல்டோ என்று இரண்டு பழங்குடிச் சமூகங்கள். ஒரு காலத்தில் காரிபூ பூச்சி மாதிரி மொய்த்துக் கிடந்தது என்பது அவர்கள் பெரியவர்களின் நினைவு. 1968-ல் பென்னட் அணை கட்டி முடிக்கப்பட்டது. பெரிய நீர்த்தேக்கம் வந்தது. மான் போய்வந்த பாதை தண்ணீருக்குள் போனது. பிறகு சுரங்கம், மரவெட்டு எல்லாம் வரிசையாக வந்தன. மான் குறைவதைப் பார்த்து அந்த மக்கள் தாங்களாகவே வேட்டையை நிறுத்திக்கொண்டார்கள். சட்டம் சொல்லவில்லை, யாரும் அபராதம் போடவில்லை. அரசின் ஆய்வுக்குழு கூடுவதற்குப் பல வருடம் முன்பே அவர்களின் ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

2013-ல் க்ளின்ஸி-ஸா மந்தையில் இருந்தது 38 மான். 2014-லிருந்து சினை மான்களைப் பிடித்து மலைமேல் வேலிக்குள் வைத்து, குட்டி ஓரளவு வளரும்வரை ராப்பகலாகக் காவல் காத்தார்கள். லைக்கனை மக்கள் கையால் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஓநாய்களையும் குறைத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 2021-ல் 101 மான்! தேய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத இந்தத் துறையில் இது சாதாரணம் இல்லை.

ஆனால் அவர்கள் வேலியோடும் துப்பாக்கியோடும் நிற்கவில்லை. வேலி தற்காலிகம், நிலம்தான் நிரந்தரம் என்று மத்திய அரசோடும் மாகாண அரசோடும் பேசி, 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். கிட்டத்தட்ட 8,000 சதுர கி.மீ. அளவுக்குக் காட்டைக் காக்க வழி செய்தார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 2019-ல் ஒப்பந்தப் பேச்சு வெளியே வந்ததும் அந்த வட்டாரத்தில் அவர்கள் மேல் இனவெறி வசவு. காட்டையே மூடப்போகிறார்கள், வேலையைப் பிடுங்கப் போகிறார்கள் என்று வதந்தி. இந்த மாதிரி வசனங்களை நாமும் நம்மூரில் கேட்டிருக்கிறோம், ஆள் மட்டும்தான் வேற.

தெற்கு செல்கிர்க்கிலும் துப்பாக்கி இருந்தது, இங்கேயும் இருந்தது. அங்கே மந்தை போனது, இங்கே பெருகியது. மந்தையின் அளவு, நிலைமை எல்லாம் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குட்டியைக் காக்க ஆளும், நிலத்தைக் கேட்டு வாங்க ஒரு சமூகமும் பின்னால் நின்றதை யாரும் மறுக்க முடியாது.

*

இனி வழக்கமாக வரும் கேள்விகள்.

"மில்லை மூடினால் தொழிலாளிக்குச் சோறு யார் போடுவது?" நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற தொழிலாளி மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் அவர்கள் வேலை போனதெல்லாம் எதனால் என்று பாருங்கள். அமெரிக்காவில் 2008-ல் வீட்டுச் சந்தை கவிழ்ந்தது. பத்திரிகைத் தாளுக்குத் தேவை குறைந்தது. அமெரிக்கா மரத்துக்கு வரி போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு லட்சக்கணக்கான ஏக்கர் மரத்தைத் தின்றது. எந்தக் காரிபூவும் வந்து மில்லுக்குப் பூட்டுப் போடவில்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட்டால் நாளைக்கு எந்த மில் ஓடும்? மானைக் காட்டித் தொழிலாளியைப் பயமுறுத்துவது முதலாளிக்குச் செலவில்லாத தந்திரம்.

"வெட்டின இடத்தில்தான் மறுபடி மரம் நடுறாங்களே?" நடுகிறார்கள். நட்டது மரம், காடு இல்லை. முதல் சில பத்தாண்டுக்கு அது மூஸ் மேய்கிற தோட்டம். லைக்கன் படிந்து காரிபூ திரும்பி வருகிற வயது வருவதற்குள் அடுத்த வெட்டுக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

"எல்லாத்துக்கும் காரணம் பருவநிலை மாற்றம்தானே?" பாதி உண்மை. 2023-ல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது, இதுவரை பதிவானதிலேயே மோசமான வருடம். குளிர் குறைவதும் காடு திறப்பதும் சேர்ந்து வெண்வால் மான் வடக்கே ஏறுகிறது. அது சுமந்து வருகிற மூளைப்புழு அதை ஒன்றும் செய்யாது, காரிபூவைக் கொல்லும். எல்லாம் சரி. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? தீ எடுத்துக்கொள்ளும் பங்கு கூடினால், ரம்பம் எடுத்துக்கொள்ளும் பங்கு குறைய வேண்டும். 35 சதவீதத்துக்கு மேல் கெடக்கூடாது என்பது மொத்தக் கணக்கு. தீயை யாரும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட முடியாது. ரம்பத்தை முடியும். பருவநிலையைக் காட்டி ரம்பத்தை விட்டுவிடுவது, வீடு பற்றி எரியும்போது "எப்படியும் எரியுதே" என்று ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போவது.

*

"நமக்கென்னப்பா, எங்கேயோ கனடா, எங்கேயோ மான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டொரொன்டோவைச் சுற்றி, பிராம்ப்டன், மார்க்கம், ஏஜாக்ஸ் என்று நம் சனங்கள் வாங்கிக் குவிக்கிற புதுவீடுகளின் எலும்புக்கூடு ஊசியிலை மரம்தான். கடையில் மூட்டையாக வாங்குகிற டாய்லெட் பேப்பரில் வடகாட்டு மரக்கூழ் இருக்க வாய்ப்பு அதிகம். பலநூறு வருடத்துக் காட்டைத் துடைத்துப் போடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். தண்ணீரும் சொம்பும் கண்டுபிடித்த பரம்பரை நாம், இதில் மட்டும் வெள்ளைக்காரனை முந்திவிட்டோம். :-(

வீடு வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஓட்டு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். ஒன்டாரியோவில் 2020-ல் மரவெட்டுத் தொழிலுக்கு மாகாணத்தின் அருகிவரும் உயிரினச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2025 ஜூனில் மசோதா 5 என்று ஒன்றை நிறைவேற்றி, 2007-ம் வருடத்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுத் தளர்வான வேறு சட்டம் கொண்டுவர வழி செய்தார்கள். பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி வந்து வணக்கம் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் அரசியல்வாதிகள் இருக்கிறார்களே, அவர்களிடம் அடுத்த தடவை ஒரு பொங்கல் தட்டோடு இந்தக் கேள்வியையும் நீட்டுங்கள். "ஐயா, உங்க காசுல இருக்குற மானுக்கு என்ன பண்ணீங்க?"

கேட்க வேண்டியது நாலே விஷயம்தான்.

1. 65 சதவீதத்துக்குக் கீழே போய்விட்ட வாழிடங்களில் புதிய வெட்டுக்கும் புதிய ரோட்டுக்கும் அனுமதி கிடையாது. ஆய்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

2. பழைய எண்ணெய்க் கோடுகளை மூட வேண்டும். மண்ணை மேடாக்கி, மரம் நட்டு, கட்டையைக் குறுக்கே போட்டு ஓநாயின் வேகத்தைக் குறைக்க வழி தெரியும். வெட்டினவன் காசிலேயே செய்யட்டும்.

3. ஓநாயைச் சுட்டே ஆகவேண்டிய நிலை என்றால், முதல் நிபந்தனை நிறைவேறிய இடத்தில் மட்டும், விஷம் இல்லாமல், எத்தனை வருடம் என்று தேதி போட்டுச் செய்ய வேண்டும்.

4. அந்த நிலத்துப் பழங்குடிகள் கையில் அதிகாரம் வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஓரமாக ஒரு நாற்காலி போடுவது அதிகாரம் ஆகாது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும்.

இதில் எதற்கும் புது ஆராய்ச்சி தேவையில்லை. ஆராய்ச்சி தொடரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பட்டை மாட்டட்டும், புழுக்கை பொறுக்கட்டும். ஆனால் தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதற்குத் தெரியாததைச் சாக்காகச் சொல்லக்கூடாது. இன்னும் முப்பது வருடம் கழித்து, ஒரு காட்டுவிலங்கு எப்படி அழிந்தது என்பதற்கு உலகத்திலேயே மிகத் துல்லியமான ஆவணம் கனடாவிடம் இருக்கும். மான் இருக்காது.

ஓநாய் ஒரு மானைத் தின்னும், பசி அடங்கும், படுத்துவிடும். அழுகிற ஓநாய்க்குத்தான் பசியே அடங்குவதில்லை.

பி.கு: கனடாவில் மரத்தொழிலில் இருக்கும் நண்பர்கள் யாராவது படித்தால் உங்கள் பக்கத்தையும் எழுதுங்கள். திட்டணும்னா தாராளமா திட்டலாம், ஆனா அந்த 95 சதவீதத்துக்கு ஒரு பதிலோட வந்து திட்டுங்க.